லண்டனில் ஹவுசிங் கேஸ்வொர்க்கர் வேலை: கோத்தகிரித் தங்கைக்கு

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ முடித்து, எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்களுக்குக் கோத்தகிரியில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். இப்போது கணவரோடு டிபெண்டன்ட் விசாவில் லண்டன் போகிறாய், வீடில்லாதவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் தொண்டு நிறுவனத்தில் கேஸ்வொர்க்கராக, ஒவ்வொருவர் பிரச்சினையையும் தனித்தனியாகக் கவனிக்கும் வேலையும் கிடைத்திருக்கிறது. வேலை எப்படி இருக்கும், குளிர் தாங்குமா, கார் வேண்டுமா, நம்ம சாப்பாடு கிடைக்குமா, வாடகை எங்கே குறைவு என்று கேட்டிருக்கிறாய்.

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். தலைகுந்தாவில் உறைபனி பார்த்தவளுக்கு லண்டன் குளிர் பெரிதில்லை. ஈரமும், டிசம்பரில் நாலு மணிக்கே கவியும் இருட்டும்தான் தொல்லை. கோட்டைவிட நனையாத ஷூவுக்குச் செலவழி. லண்டனுக்குள் கார் வேண்டாம், ஓட்டியே ஆகவேண்டும் என்றால் நம்ம லைசென்ஸில் முதல் 12 மாதம் ஓட்டலாம். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் கறிவேப்பிலை முதல் கருவாடு வரை கிடைக்கும். வாடகைக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அதுவும் இந்த வேலையும் ஒரே விஷயம்.

நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. இங்கே வீடில்லாதவர் என்றால் நடைபாதையில் படுத்திருப்பவர் மட்டுமல்ல. 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, இன்னும் 56 நாளில் வீடு போகும் நிலையில் இருப்பவருக்கும் கவுன்சில், அதாவது அந்த ஊர் உள்ளாட்சி, உதவி செய்தே ஆகவேண்டும். வீடு போகாமல் தடுக்க 56 நாள், போய்விட்டால் வேறு வீடு தேட 56 நாள். இந்த உதவி, தகுதியான விசா நிலை உள்ள எல்லோருக்கும் உண்டு. ஆனால் இன்றிரவுக்கு ஒரு அறை என்பது எல்லோருக்கும் கிடையாது. கர்ப்பிணி, குழந்தை உள்ள குடும்பம், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர், உடல்நலமோ மனநலமோ கெட்டவர் என்று சட்டம் முன்னுரிமை கொடுக்கும் பிரிவில் வந்தால்தான். நாற்பது வயது ஆரோக்கியமான ஒண்டிக்கட்டை ஆணுக்குக் கவுன்சில், என்ன செய்யலாம் என்று எழுதிய ஒரு திட்டத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். அதனால் நோட்டீஸ் வந்த அன்றே ஆளைக் கவுன்சிலில் பதிவு செய்துவிடு. பெட்டியோடு வெளியே வந்த பிறகு நீ செய்யக்கூடியது பாதிதான்.

வீட்டுக்காரர் கத்துகிறார் என்று தேதிக்கு முன்பே காலி செய்ய உன் ஆளை விடாதே. சட்டப்படியான வாடகைதாரரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். தானாகக் கிளம்பினால், வேண்டுமென்றே வீட்டை விட்டவர் என்று கவுன்சில் எழுதிவிடும், அந்த வரியை அழிக்கப் பெரும்பாடு. அதேபோல், கவுன்டரில் "உங்களுக்கு எதுவும் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்புவது அங்கே சகஜம். எழுத்தில் கேள். எழுத்தில் முடிவு வந்தால் மறுபரிசீலனை கேட்க 21 நாள். 22ஆவது நாள் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கஷ்டம்.

இனி நம்ம ஆட்களைப் பற்றி. கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்கிறேன். ஒரு கவுன்சில் உன் ஆளை வேறு கவுன்சிலுக்குத் தள்ளிவிடாமல் இருக்க, அவருக்கு அந்தப் பகுதியோடு தொடர்பு வேண்டும்: கடைசி 12 மாதத்தில் 6 மாதம் அங்கே குடியிருந்தது, அல்லது 5 வருடத்தில் 3 வருடம், அல்லது அங்கே வேலை, நெருங்கிய உறவு. நம்மவர் வீடுகளில் அறை வாடகைக்கு எடுத்தவரிடம் இதைக் காட்டக் காகிதமே இருக்காது. கையில் காசு, ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, "பேங்க் லெட்டர் எதுவும் இந்த முகவரிக்கு வரக்கூடாது" என்று முதல் நாளே கட்டளை. ஊர்க்காரர், கோயிலில் பழக்கம் என்று நம்பி மூன்று வருடம் இருப்பார்கள். வெளியே தள்ளும்போது அந்த மூன்று வருடமும் எந்தத் தாளிலும் இல்லை. அப்படி ஒருவர் வந்தால் டாக்டர் கிளினிக் பதிவு, பஸ் கார்டுப் பயண விவரம், ஒரே கடையில் திரும்பத் திரும்பக் கார்டு தேய்த்த பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை தந்ததற்கு வந்த வாட்ஸ்அப் பதில் என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடு. ஆள் வீட்டுக்காரரோடு சண்டை போட்டு நம்பரை பிளாக் செய்வதற்கு முன்னால் எடு.

கடைக்கு மேலே தங்கி ஹோட்டலில் வேலை பார்ப்பவர்களை நீ உடனே புரிந்துகொள்வாய். வேலை போன இரவே படுக்கையும் போகும். நம்ம எஸ்டேட்டிலாவது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது, ஆனால் வேலையோடு ஒட்டிய வீடு ரிட்டையர்மென்ட்டோடு போய்விடும் என்ற நியாயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அப்படிப்பட்டவருக்கு, எந்தத் தேதியில் வெளியேறச் சொன்னார்கள் என்று முதலாளியிடம் இரண்டு வரி வாங்கு. பெரும்பாலும் அதைத் தருவார்கள், ஏனென்றால் ஆள் போனால் போதும்.

புதிதாக அகதி அந்தஸ்து கிடைத்த ஈழத்துக்காரர்கள் கேஸ் நிறைய வரும். அந்தஸ்து கிடைத்ததும் அரசு தங்குமிடம் முடிய அடிப்படை விதி 28 நாள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையின் முதல் பணம் வர ஏறக்குறைய 5 வாரம், அதாவது 35 நாள். இந்தக் கணக்கு எந்த விண்ணப்பத்திலும் நேராகாது. அட்வான்ஸ் கேட்கலாம், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் பிடிப்பார்கள். கடிதம் வந்த அன்றே விண்ணப்பம் போடு. பெயரைச் சரிபார்: நம்மவர் பெயரில் அப்பா பெயர் முன்னே பின்னே மாறி, விசாவில் ஒன்று, பேங்கில் ஒன்று என்று கிடக்கும், அடையாளச் சோதனை அங்கேதான் நிற்கும்.

இன்னொரு பொறி போன். விசா இப்போது அட்டையாக இல்லை, ஆன்லைனில் இருக்கிறது. அதைத் திறக்க ஈமெயிலுக்கோ போனுக்கோ கோட் வரும். தெருவில் படுத்தவர் போனைத் தொலைத்தால் விசா, உதவித்தொகை, பேங்க் மூன்றும் ஒரே ராத்திரியில் பூட்டிக்கொள்ளும். முதல் சந்திப்பிலேயே ஈமெயில் பாஸ்வேர்ட் ஆளுக்குத் தெரியுமா என்று கேள். பலருக்குத் தெரியாது, போன் கடைக்காரர் போட்டுக்கொடுத்திருப்பார்.

35 வயதுக்குக் கீழே தனியாள் என்றால் வாடகை உதவி, பகிர்ந்த வீட்டில் ஒரு அறைக்கான அளவுதான். வீடில்லாதவர் ஹாஸ்டலில் மொத்தம் மூன்று மாதம் இருந்திருந்தால் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கான அளவு கிடைக்கும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. இதைத் தவறவிடும் கேஸ்வொர்க்கர்கள் ஏராளம். ஹாஸ்டல் தேதிகளை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி ஃபைலில் வை.

வீட்டுச் சாவி கிடைத்த வாரத்தில் செய்யவேண்டியதை மெதுவாகப் படி. ஹாஸ்டல் வாடகை ஹவுசிங் பெனிஃபிட் என்ற தனி வாடகை உதவியில் போகும், தனி வீட்டு வாடகை யுனிவர்சல் கிரெடிட்டில். குடிபோன அன்றே ஆளே தன் ஆன்லைன் கணக்கில் முகவரி மாற்றத்தைப் பதிய வேண்டும். தாமதித்தால் ஒரு மாத வாடகை உதவியே கைவிட்டுப் போகலாம், முதல் மாதமே பாக்கி. கவுன்சிலோ வீட்டுவசதித் தொண்டு அமைப்போ குறைந்த வாடகைக்குத் தரும் சமூக வாடகை வீடு பெரும்பாலும் வெறுங்கூடு: தரைவிரிப்பு இல்லை, அடுப்பு இல்லை. மின்மீட்டர் காசு போட்டு ஓட்டும் வகையாக இருந்தால், முன்பு இருந்தவரின் கடன் அதில் ஏறியிருக்கலாம், நீ போடும் பத்து பவுண்டில் பாதியை அது விழுங்கும். உள்ளே நுழைந்ததும் மீட்டரைப் படம் எடுத்து கம்பெனியைக் கூப்பிடு. கவுன்சில் வரிக் குறைப்புக்கும் அதே நாளில் விண்ணப்பம். தனியாக இருப்பவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி வேறு உண்டு. கிடைத்த வீடு மறுபடி கைவிட்டுப் போவது குடியாலோ சண்டையாலோ என்று ட்ரெய்னிங்கில் சொல்வார்கள். அதைவிட அதிகமாக இந்தச் சில்லறைப் பாக்கிகளால்தான் போகிறது என்பது என் கருத்து.

ட்ரெய்னிங்கில் ஹவுசிங் ஃபர்ஸ்ட் பற்றியும் வரும். குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, அப்புறம் வீடு என்று படி ஏறச் சொல்லாமல், முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு ஆதரவைத் தொடரும் முறை. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கியது. இங்கிலாந்தில் 2018இல் மான்செஸ்டர், லிவர்பூல், வெஸ்ட் மிட்லேண்ட்ஸ் பகுதிகளில் சோதித்தார்கள். ஒரு கேஸ்வொர்க்கருக்கு ஐந்து முதல் ஏழு கேஸ் என்றால்தான் அது நடக்கும். உன் கையில் எத்தனை ஃபைல் திணிக்கப் போகிறார்கள் என்று கையெழுத்துக்கு முன் கேள். இருபதுக்கு மேல் சொல்லிவிட்டு ஹவுசிங் ஃபர்ஸ்ட் என்று பேர் வைத்தால் சிரித்துக்கொள்.

இரண்டு விஷயத்தில் வாயைக் கட்டு. விசா ஆலோசனை சொல்லாதே. பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது அங்கே குற்றம். "அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று கெஞ்சுவார்கள், பதிவு பெற்றவரிடம் அனுப்பு. பொது நிதி கிடையாது என்று விசாவில் இருப்பவருக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக்கொடுத்தால் அவர் விசாவுக்கே ஆபத்து. அடுத்தது, உனக்குத் தமிழ் தெரியும் என்றதும் கவுன்சில்காரர் உன்னையே மொழிபெயர்க்கச் சொல்வார். மறுத்துவிட்டு அவர்கள் ஆளைக் கூப்பிடச் சொல். பிறகு மறுபரிசீலனையில் உன் ஆள் என்ன சொன்னார் என்று தகராறு வந்தால், நீ அவருக்காக வாதாட முடியாத இடத்தில் நிற்பாய்.

உன் வாடகைக்கு: எந்தப் பகுதி என்பதைப் பிறகு பார். வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்தால் உனக்கு நியாயமான நோட்டீஸ் மட்டும்தான், நீதிமன்றம் கிடையாது. அவர் இல்லாத வீடென்றால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, 30 நாளில் அதைப் பாதுகாப்புத் திட்டத்தில் கட்டவேண்டும். ஊர்க்காரர் என்றாலும் பேங்க் வழியாகக் கொடு.

கிளம்புமுன் பாஸ்போர்ட் சேவா வழியாகப் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் வாங்கிவிடு. இந்த வேலைக்கு இந்தியக் குற்றப்பதிவுச் சான்று கேட்க வாய்ப்பு அதிகம், லண்டன் போய்க் கேட்டால் இழுக்கும். நான் மே கடைசி வரை குன்னூரில்தான் இருக்கிறேன். ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு வா, கேஸ் எண்ணிக்கை எங்கே எழுதியிருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.