பாவம், அந்த டிரம்ஸ் என்ன செய்தது?

கேள்வி: ஒற்றைக் கிதாரை வைத்துக்கொண்டு தானே எழுதித் தானே பாடிவந்த ஃபோக் பாடகி, புது ஆல்பத்தில் டிரம்ஸ், கீபோர்டு, கோரஸ் என்று முழு பாப்புக்குப் போய்விட்டார். இப்படி விலைபோனவர்களை இனியும் கேட்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் என்றால் விடுங்கள், யார் கையைப் பிடித்து இழுத்தார்கள்? ஆனால் ஆல்பத்தை முழுசாகக் கேட்டீர்களா, இல்லை முதல் பாட்டில் டிரம்ஸ் விழுந்ததுமே நிறுத்திவிட்டீர்களா? உங்கள் கேள்வியில் வாத்தியப் பட்டியல் இருக்கிறது, ஒரு பாட்டைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை, அதனால் கேட்கிறேன்.

இது ரொம்பப் பழைய புகார். 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் ஃபோக் விழாவில், அதுவரை ஒற்றைக் கிதார் ஃபோக் பாடகராகக் கொண்டாடப்பட்ட பாப் டிலன் எலக்ட்ரிக் கிதாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. மறு வருஷம் மான்செஸ்டரில் ஒருவர், இயேசுவைக் காட்டிக்கொடுத்த 'யூதாஸ்' என்றே கத்தினார். இத்தனைக்கும் 1965 மார்ச்சில் வந்த ஆல்பத்திலேயே டிலன் ஒரு பக்கம் முழுக்க பேண்டோடுதான் பாடியிருந்தார். மேடையில் பார்த்த பிறகுதான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது போலிருக்கிறது.

சரி, உங்கள் பயத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது காசு விஷயத்தில் இல்லை, தாளத்தில். தனியாகப் பாடுகிறவர் ஒரு சொல்லில் நின்று மூச்சு வாங்கலாம், அடுத்த வரியைக் கொஞ்சம் முந்தியே எடுக்கலாம், கிதாரும் அவர் கையில்தானே, கூடவே வந்துவிடும். டிரம்ஸ் உட்கார்ந்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. சைமன் - கார்ஃபங்கல் என்ற ஃபோக் ஜோடியின் 'த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டு 1964-ல் டிரம்ஸ் இல்லாமல் வந்து போணியாகவில்லை. மறு வருஷம் தயாரிப்பாளர் டாம் வில்சன் இருவரிடமும் சொல்லாமலே அதே பதிவின் மேல் எலக்ட்ரிக் கிதார், பேஸ், டிரம்ஸ் ஏற்றிவிட்டார். 1966 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம்! ஆனால் பழைய பதிவின் வேகம் ஒரே சீராக இல்லாததால் வாசிக்க வந்தவர்கள் திணறியிருக்கிறார்கள். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், டிரம்ஸ் குரலுக்காகத் தயங்கி நிற்கிற இடம் பிடிபடும்.

தானே எழுதிப் பாடுகிற இன்னொரு ஃபோக் பாடகி ஜோனி மிட்செல் இதை வேறு மாதிரி சமாளித்தார். 1971-ல் வந்த 'ப்ளூ' ஆல்பம் பெரும்பாலும் கிதார், பியானோ, டல்சிமர் என்கிற தந்தி வாத்தியம், அவ்வளவுதான். 1974-ல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' செய்தபோது தன் பாட்டின் நெளிவுசுளிவுக்கு ராக் ஆட்கள் சரிப்பட மாட்டார்கள் என்று ஜாஸ் வாசிக்கும் டாம் ஸ்காட் குழுவைக் கூட்டிவந்தார். ஜோனியின் பாட்டுக்காகப் பேண்ட் வளைந்தது, பேண்டுக்காக அவர் வளையவில்லை. அவருடைய ஆல்பங்களிலேயே அதிகம் விற்றதும் அதுதான். (விற்றது என்றதும் முகம் சுளிக்காதீர்கள், எழுதியது எதையும் அவர் நீர்க்கச் செய்யவில்லை.)

திரும்பி வந்தவர்களும் உண்டு. இங்கிலாந்து ஃபோக் பாடகர் நிக் டிரேக் 1971-ல் பித்தளை வாத்தியம், வயலின்கள் என்று ஒரு ஆல்பம் போட்டார். அடுத்த வருஷம் வந்தது வெறும் குரலும் கிதாரும், ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ.

உங்கள் பாடகியை இன்னொரு தடவை போடுங்கள். டிரம்ஸ் நுழைகிற இடத்தில் அவர் வரியை முடிக்கும் விதம் மாறுகிறதா, கோரஸ் ஏறும்போது சொற்கள் காதில் விழுகின்றனவா, எந்த வாத்தியத்தை எடுத்துவிட்டால் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று பாருங்கள். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பாட்டின் பெயரைச் சொல்லி நன்றாகத் திட்டி எழுதுங்கள், வெட்டாமல் போடுகிறேன்.