வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்கும் ஆலோசனை தேவையா?

"பெற்றோரோடுதானே இருக்கிறார்கள், பள்ளியில் தனியாக ஆலோசனை எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. விடுதிப் பிள்ளையை வார்டன் இரவிலும் பார்க்கிறார். வீட்டிலிருந்து வருபவரின் மாலைப் பொழுது பள்ளிக்குத் தெரிவதே இல்லை: அப்பாவின் குடி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, தவறிப்போன பேருந்து. அதெல்லாம் வகுப்பில் தூக்கமாக, கோபமாக வெளிப்படும்போது 'அடங்காதவன்' என்று முத்திரை குத்திவிடுகிறோம். "ஏன் லேட்டு?" என்பதற்குப் பதிலாக "நேத்து ராத்திரி சாப்பிட்டியா?" என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள், பேச ஆரம்பிப்பார்கள்.

மாலை மணி அடித்ததும் பேருந்துக்கு ஓடிவிடுவார்கள். அதனால் மதிய இடைவேளையிலேயே நேரம் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் தேர்வு பயம், மேற்படிப்புக் குழப்பத்துக்குப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. வீட்டில் அடி, குழந்தைத் திருமணப் பேச்சு என்றால் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.