குண்டு இல்லைதான், இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம்ங்க. திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். வயது 46. மகள் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்த பழக்கத்தில் நானும் பழக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் கோவைப் பக்கம் ஒரு போட்டியில் முதல் முறையாகக் கலந்துகொண்டேன். சுடும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசராக நின்ற பையனுக்கு இருபது வயது இருக்கலாம். கல்லூரி மாணவன், தன்னார்வலன். ஃபிளாக் (குழலுக்குள் விடும் ஆரஞ்சு நூல்) போடாமல் ரைஃபிளைக் கீழே வைத்தேன் என்று முதலில் ஒரு முறை சொன்னான். சரி என்று விட்டேன். அரை மணி கழித்து, பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் தண்ணீர் பாட்டில் கேட்க ரைஃபிளோடு திரும்பினேன். "சார், பேரல்! பேரல்!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டான். உள்ளே குண்டு இல்லை, குண்டு போடத் திறக்கும் லீவர் திறந்துதான் இருந்தது. சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. எண்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் நான். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு சுட்டதெல்லாம் பத்துக்கு ஏழும் எட்டுமாகப் போனது. இது வெறும் ஏர் ரைஃபிள்தானே? சம்பளம்கூட வாங்காத ஒருவருக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

குண்டு இல்லை என்று நீங்கள் சொல்வதை அப்படியே நம்புகிறேன். எனக்கும் இதே மாதிரி நடந்தபோது என் ரைஃபிளிலும் குண்டு இல்லை.

ஆறு வருடம் ஆகியிருக்கும். போட்டி நடுவில் லீவர் சரியாக மூடவில்லை. ரேஞ்ச் ஆபீசராக ஓர் அம்மா நின்றிருந்தார். தையல் கடை வைத்திருப்பவர். மகனை அழைத்து வந்து வந்து, நம்மைப் போலவே உள்ளே இழுக்கப்பட்டவர். அவரிடம் காட்டலாமென்று ரைஃபிளோடு திரும்பினேன். குழல் வாய் அவர் இடுப்புக்கு நேராக வந்து நின்றது. அவர் கத்தவில்லை. உள்ளங்கையை மட்டும் காட்டி, "அண்ணா, மொதல்ல அந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். "குண்டு இல்லீங்க" என்றேன். "இருக்கட்டுங்கண்ணா, திருப்புங்க." திருப்பினேன். வந்து பார்த்தார். குண்டு இல்லைதான். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லீவரைச் சரிசெய்ய அனுமதி கொடுத்துவிட்டு அடுத்த லேனுக்குப் போய்விட்டார்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் வீட்டுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. நான் சொன்னது உண்மை என்று கண்ணால் பார்த்தாரே, பார்த்த பிறகு ஒரு சின்ன "சாரிங்க" சொன்னால் என்ன? ரொம்ப நாள் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. குண்டு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினைத்து நடத்த வேண்டும் என்று வைத்துவிட்டால், யார் நம்பகமானவர், யார் அவசரக்காரர் என்று யாரும் எடைபோட வேண்டியதில்லை. ஃபிளாக் என்கிற அந்த ஆரஞ்சு நூலும் அதற்குத்தான். குழலின் முழு நீளத்துக்கும் உள்ளே ஓடி, வாய் வழியாகத் தலையை நீட்ட வேண்டும். அது தெரிந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும், உங்கள் வாய்வார்த்தை தேவையில்லை. நூலோடு பிழைக்கிறவருக்கு இதை நான் விளக்குவது கொஞ்சம் அதிகம்தான்.

இன்னொன்று, அந்த நேரத்தில் நீங்கள் எந்தக் கோலத்தில் இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த ஜாக்கெட், இடுப்பை மட்டும் திருப்ப விடாது. யாராவது கூப்பிட்டால் ஆளே முழுசாகத் திரும்ப வேண்டும், கையில் இருக்கும் ரைஃபிளும் கூடவே திரும்பும். ஒரு கண்ணுக்கு முன்னால் மறைப்பு, காதில் அடைப்பு, தலைக்குள் 75 நிமிடத்தில் 60 குண்டு என்ற கணக்கு. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அந்தப் பத்தாம் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாதபடிக்கு நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொண்டு நிற்கிறோம். ரைஃபிளின் வாய் எங்கே பார்க்கிறது என்பது அந்த மொத்தக் கூடத்தில் நமக்குத்தான் கடைசியாகத் தெரியும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மேட் எமன்ஸ் என்ற அமெரிக்கர், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் கடைசிக் குண்டுக்கு முன்னால் 3 புள்ளி முன்னிலையில் இருந்தார். சுமாராகச் சுட்டாலே தங்கம். சுட்டார், திரையில் ஒன்றுமே வரவில்லை. தன் குண்டு பதிவாகவில்லை என்று அதிகாரிகளிடம் சொன்னார். தேடிப் பார்த்தால் குண்டு பக்கத்து லேன்காரரின் இலக்கில் இருந்தது. எட்டாம் இடத்துக்குப் போய்விட்டார். பாதுகாப்புத் தவறு இல்லை இது. ஆனால் அவ்வளவு பெரிய ஆளுக்கே தான் எங்கே சுட்டோம் என்பதை இன்னொருவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. (அன்று மாலை அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனையைப் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார். உங்களுக்கு அந்த அளவுக்கு நஷ்டஈடு கிடைக்காது, வீட்டில் அம்மிணி இருக்கிறார்கள்.)

"வெறும் ஏர் ரைஃபிள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அரை கிராம் ஈயம் விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. உயிர் போகாமல் இருக்கலாம், கண் போய்விடும். பாட்டிலோடு பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் மேலே சொல்லவில்லை.

அதிகாரத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பாறைக்குள் கிணறு வெட்டும்போது, தோட்டா வைத்துத் திரி கொளுத்தியதும் ஒருவர் மேட்டில் நின்று கத்துவார். தோட்டத்துக்காரரே வந்துகொண்டிருந்தாலும் வேட்டியை மடித்துக்கொண்டு வரப்புக்குப் பின்னால் ஓடிப்போய் உட்காருவார். கூலிக்கு வந்தவன் என்னை அதட்டுகிறானே என்று எந்தக் கவுண்டரும் நின்று யோசித்து நான் பார்த்ததில்லை. கத்துகிறவருக்குக் கூலியாவது உண்டு. உங்களைப் பார்த்துக் கத்திய பையனுக்கு மதியம் ஒரு அரிசிம்பருப்பு சாதப் பொட்டலம் கிடைத்திருக்கும். காலை ஏழு மணியிலிருந்து நாலு டீடெயிலுக்கு (ஒரே நேரத்தில் சுடுகிற ஒரு அணி ஒரு டீடெயில்) நின்றிருப்பான். அவனும் சுடுகிறவன்தான், அன்றைக்குத் தன் பயிற்சியை விட்டுவிட்டு வந்திருப்பான்.

கத்தியது தப்பில்லையா என்றால், காதில் அடைப்பு வைத்திருப்பவரிடம் மெதுவாகச் சொல்ல முடியாது. அதற்கு மேல் குரலில் எரிச்சலும் இருந்திருந்தால், அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இருபது வயதுக்கு அது தெரியாது.

ரேஞ்ச் ஆபீசர்கள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. என்னை ஒருவர் காரணமில்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். சொன்னதைச் செய்தேன், நூலைப் போட்டேன், ரைஃபிளைக் கீழே வைத்தேன், அப்புறம் தலைமை ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிட்டேன். நம் தப்பில்லாமல் 3 நிமிடத்துக்கு மேல் நிறுத்தப்பட்டால் போன நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், விதியிலேயே இருக்கிறது. வாக்குவாதம் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், கையில் ரைஃபிள் இல்லாமல்.

ஏழும் எட்டும் அந்தப் பையனால் வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அவன் சொன்ன பிறகு ஒரு நிமிடம் ரைஃபிளை வைத்துவிட்டு மூச்சு விட்டிருந்தால் பாதி திரும்பி வந்திருக்கும். நான் கோபத்தோடு சுட்டதும் ஏழுதான்.

மகளிடம் அப்பா எதுவும் விளக்க வேண்டாம். அவளும் அந்த விதியில்தான் பழகுகிறாள், அன்று நடந்தது உங்களைவிட அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். முடிந்தால் அந்தப் பையனிடம் போய், நின்ற இடத்திலிருந்து அவனுக்கு என்ன தெரிந்தது என்று கேளுங்கள். அடுத்த போட்டிக்கு உதவி ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள், எப்போதும் தேடுவார்கள். ஒரே ஒரு டீடெயில் அவனோடு பின்னால் நின்று பாருங்கள். செருப்போடு போய்விடாதீர்கள், கால் கடுக்கும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.