பழைய ப்ராசசரை ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு: சூடு, ஹேங், கூலர் – கேள்வி பதில்

கேள்வி: ஐ5-2500கே ப்ராசசரை ஓவர்கிளாக் செய்து, அதாவது தயாரித்தவர் வைத்த வேகத்தைத் தாண்டி, 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். கேம் ஆடும்போது பரவாயில்லை. வீடியோ ரெண்டர் போட்டால் சில நிமிடங்களில் 95 டிகிரியைத் தொடுகிறது. ப்ராசசருடன் வந்த கூலர்தான் இருக்கிறது. பெரிய கூலர் வாங்கினால் தீருமா?

கூலர் மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங் திரை) கோர் வோல்டேஜ், அதாவது ப்ராசசருக்குப் போகும் மின்னழுத்தம், எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 'ஆட்டோ' என்று இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது. மல்டிபிளையரை (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை கிளாக்கைப் பெருக்கி வேகத்தைத் தரும் எண்) ஏற்றிவிட்டு வோல்டேஜை ஆட்டோவில் விட்டால், எப்படியும் பூட் ஆகிவிட வேண்டும் என்பதற்காக மதர்போர்டு தேவைக்கு மேலேயே கொடுக்கும். ப்ராசசர் வெளியிடும் வெப்பம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் இருமடிக்கு ஏற்ப ஏறும். சூட்டைக் கூட்டுவதில் பெரிய பங்கு வோல்டேஜுக்குத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.5 கிகாஹெர்ட்ஸ் 1.40 வோல்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 4.3 ஆக்கி 1.28 வோல்ட்டுக்கு இறக்கினால் வேகத்தில் இழப்பது நான்கரை சதவீதத்துக்கும் குறைவு. வெப்பமோ ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். ரெண்டர் நேரத்தில் இந்த வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சூட்டில் நன்றாகவே தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். மல்டிபிளையரை 43-இல் வையுங்கள். வோல்டேஜை மேனுவலில் 1.30 ஆக்குங்கள். ப்ராசசருக்கு முழு லோடு (வேலைப்பளு) கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 புரோகிராமில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' சோதனையை 20 நிமிடம் ஓட்டுங்கள். பிழை வராவிட்டால் 0.01 வோல்ட் இறக்கி மறுபடி ஓட்டுங்கள். பிழையோ ப்ளூ ஸ்கிரீனோ வந்த இடத்திலிருந்து 0.02 வோல்ட் ஏற்றி, அதிலேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு சிப்பும் ஒரு மாதிரி என்பதால் இன்னொருவருடைய எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். எப்போதும் ஓடும் மெஷினில் இந்தத் தலைமுறைக்கு 1.35 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இந்த ப்ராசசர் 98 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்காக 95 வரை விடலாம் என்று அர்த்தம் இல்லை. அறை வெப்பம் 10 டிகிரி கூடினால் கோர் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். குளிர்ந்த நாளில் சோதித்துவிட்டு, சுடும் நாளில் ஏன் ஹேங் ஆகிறது என்று தேட வேண்டியிருக்கும். கடும் சோதனையில் 80-க்குள் நின்றால் நிம்மதியாக விடலாம்.

கேள்வி: அப்படியானால் எந்தக் கூலர் வாங்குவது? நாளைக்கு கம்ப்யூட்டரை மாற்றினால் காசு வீணாகிவிடுமா?

நான்கு ஹீட் பைப், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள சாதாரண டவர் கூலர் உங்கள் நான்கு கோர் ப்ராசசருக்குப் போதும். வாட்டர் கூலர் வேண்டாம். பத்து வயதைத் தாண்டிய ப்ராசசருக்காக, என்றாவது நின்றுபோகக்கூடிய பம்ப் ஒன்றை வாங்கி மாட்டுவதில் லாபம் இல்லை.

வீணாகுமா என்பது சாக்கெட்டை, அதாவது மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. இன்டெலில் 1156, 1155, 1150, 1151, 1200 ஆகிய எல்லா சாக்கெட்டுக்கும் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர்தான். ஒன்றுக்கு வாங்கியது மற்றவற்றிலும் உட்காரும். 1700 சாக்கெட்டில் இடைவெளி 78 ஆகிவிட்டது. அதற்குத் தனி மாட்டும் கிட் தேவை. கிட் பெட்டியிலேயே வருகிறதா, ஏஎம்டிக்கான பட்டையும் உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இவ்வகை டவர்கள் பெரும்பாலும் 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். ப்ராசசரின் மேல்பரப்பிலிருந்து கேபினெட்டின் பக்கக் கதவு வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ராம் மேல் உயரமான ஹீட்சிங்க் (வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகம்) இருந்தால் ஃபேன் அதில் இடிக்கும்.

பழைய கூலரையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதாக இருந்தால், மதர்போர்டின் பின்பக்கம் திருப்பி அதன் நான்கு கால்களையும் பாருங்கள். ஒவ்வொரு வெள்ளைக் காலின் நடுவிலும் கறுப்பு ஊசி முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு கால் சரியாகப் பூட்டாவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கும். கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவே எவ்வளவு நல்ல தெர்மல் பேஸ்ட் போட்டாலும் அது சரியாகாது.

கேள்வி: ஐ7-3770கே வைத்திருக்கிறேன். நல்ல டவர் கூலர், புது தெர்மல் பேஸ்ட் எல்லாம் போட்டாயிற்று. லோடு கொடுத்த உடனே 85-க்குத் தாவுகிறது. ஆனால் ஹீட்சிங்கைத் தொட்டால் சூடே இல்லை. ஏன்?

பதிலின் பாதியைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். வெப்பம் எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லலாம். லோடு வந்த ஓரிரு நொடியில் விருட்டென்று ஏறி, ஹீட்சிங்கின் அடிப்பகுதி சூடாகாமல் இருந்தால், வெப்பம் சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கு வந்து சேரவில்லை. பத்து, இருபது நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போய், கேபினெட் கதவைத் திறந்ததும் இறங்கினால் உள்ளே காற்றோட்டம் இல்லை. அப்போது கூலரை மாற்றிப் பயனில்லை. பின்பக்கம் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். முன்பக்கத் தூசி வலையையும் கழுவுங்கள்.

உங்களுடையது முதல் வகை. கூலரை ஒருமுறை கழற்றி, ப்ராசசரின் உலோக மூடி முழுவதும் பேஸ்ட் மெல்லிசாகப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். பரவியிருந்தால் கோளாறு மூடிக்கு அடியில். 2500கே, 2600கே போன்றவற்றில் சிப்பையும் உலோக மூடியையும் சால்டர் வைத்து இணைத்திருந்தார்கள். 2012-இல் வந்த உங்கள் தலைமுறையில் சால்டருக்குப் பதில் பேஸ்ட். மூடியை ஒட்டிய பசையின் கனத்தால் அங்கே சற்று இடைவெளியும் விழுகிறது.

மூடியைப் பிரித்து லிக்விட் மெட்டல் போட்டால் சூடு நன்றாகவே இறங்கும். ஆனால் அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரத்தையும் கடத்தும். ஒரு சொட்டு சிதறிப் பக்கத்து பாகங்களில் பட்டால் ஷார்ட் ஆகும். பிளேடு வைத்துப் பிரித்து சர்க்யூட் பலகையையே கீறிக்கொண்டவர்கள் நிறைய. இதற்கென்று உள்ள கருவி கையில் இல்லாவிட்டால் தொடாதீர்கள். 4.2 கிகாஹெர்ட்ஸில், வோல்டேஜை முடிந்தவரை இறக்கி ஓட்டுங்கள்.

கேள்வி: பிரைம்95 மூன்று மணி நேரம் பிழையில்லாமல் ஓடுகிறது. சும்மா பிரவுசரைத் திறந்து வைத்திருக்கும்போது ஹேங் ஆகிறது. இது எப்படி?

முழு லோடில் தாங்குவது வேறு, லோடு மாறும் நொடியில் தாங்குவது வேறு. வோல்டேஜை 'ஆஃப்செட்' முறையில் (ப்ராசசர் கேட்கும் அளவோடு கூட்டும் அல்லது கழிக்கும் முறை) மைனஸில் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் சும்மா இருக்கும்போது ஏற்கெனவே குறைவாக இருக்கும் வோல்டேஜிலும் அந்த மைனஸ் கழிகிறது. கோர் தூங்கி விழிக்கும் கணத்தில் போதாமல் போய் ஹேங் ஆகிறது. மைனஸைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

அடுத்தது எல்எல்சி எனப்படும் லோடு லைன் கேலிப்ரேஷன். லோடு ஏறும்போது வோல்டேஜ் சற்றுச் சரிவது இயல்பு. அந்தச் சரிவை ஈடுகட்டத்தான் இந்த செட்டிங். பலரும் இதை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்போது லோடு சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் வைத்த அளவைத் தாண்டி எகிறும். அந்தத் துள்ளல் மிகக் குறுகியது என்பதால் சாஃப்ட்வேர் மீட்டரில் தெரியாது. நடு நிலையில் வைப்பதே நல்லது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'டபிள்யூஹெச்இஏ லாகர்', எண் 19 என்று பதிவுகள் உண்டா என்று பாருங்கள். பிழை வந்து, ப்ராசசரே திருத்திக்கொண்டது என்று பொருள். திரையில் எதுவும் தெரியாமல் இது நடந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு பதிவு இருந்தாலும் அந்த ஓவர்கிளாக் ஸ்டேபிள் இல்லை. 0.01 அல்லது 0.02 வோல்ட் ஏற்றுங்கள், அல்லது மல்டிபிளையரில் ஒன்று குறையுங்கள். பதிவே இல்லாமல் ஹேங் ஆனால் ராமை அதன் சாதாரண வேகத்துக்கு இறக்கி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். ராமையும் ப்ராசசரையும் ஒரே நாளில் ஏற்றினால் எது தவறு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இது முடியும்வரை முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேபிள் இல்லாத மெஷின் ஹேங் ஆவதோடு நிற்காது. எழுதும் டேட்டாவையும் சத்தமில்லாமல் கெடுத்து வைக்கும்.

கேள்வி: என்னுடையது பெயரில் கே இல்லாத, மல்டிபிளையரை இஷ்டப்படி ஏற்ற முடியாத ஐ5-2400. பஸ் வேகத்தை (அடிப்படை கிளாக்) ஏற்றலாமா?

வேண்டாம். 100 மெகாஹெர்ட்ஸ் என்ற அந்த ஒரே கிளாக்கிலிருந்துதான் பிசிஐ எக்ஸ்பிரஸும் (கிராபிக்ஸ் கார்டு இணைப்பு) சாட்டாவும் (டிஸ்க் இணைப்பு) ஓடுகின்றன. சில மெகாஹெர்ட்ஸ் ஏறினாலே ஹார்ட் டிஸ்க் பிழைகள் தொடங்கலாம். பி67, இசட்68, இசட்77 சிப்செட் உள்ள மதர்போர்டு இருந்தால் டர்போவுக்கு மேல் மல்டிபிளையரை நான்கு வரை ஏற்ற இடமுண்டு. ஹெச்61-இல் அதுவும் இல்லை.

கேள்வி: என்னுடையது ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350. ப்ராசசர் 55 டிகிரிதான் காட்டுகிறது, ஆனாலும் கேம் நடுவில் வேகம் பாதியாக விழுந்து மறுபடி ஏறுகிறது.

சாக்கெட்டுக்கு இடப்பக்கம் உள்ள விஆர்எம்மை (ப்ராசசருக்கு வேண்டிய வோல்டேஜை ஆக்கித் தரும் பாகங்கள்) பாருங்கள். 125 வாட் ப்ராசசரை, ஹீட்சிங்க் இல்லாத நான்கு ஃபேஸ் விஆர்எம் மேல் ஓவர்கிளாக் செய்தால் அதுதான் முதலில் கொதிக்கும். உடனே போர்டு ப்ராசசரின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். டவர் கூலரின் காற்று பின்பக்கமாகப் போய்விடுவதால் விஆர்எம்முக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேனை அதன் மேல் திருப்பி வையுங்கள். போர்டின் பின்னாலும் காற்றுப் படட்டும். அப்படியும் விழுந்தால் அந்த போர்டு ஓவர்கிளாக்குக்கு ஆனதில்லை.

கேள்வி: ஓவர்கிளாக் செய்வதற்காகவே பழைய கே ப்ராசசர், இசட் போர்டு செட் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கலாமா?

வேலைக்காக என்றால் வாங்காதீர்கள். ஓவர்கிளாக் வேகத்தைத் தரும், சிப்பில் இல்லாத கட்டளைகளைத் தராது. 2500கே, 3770கே இரண்டிலும் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. அது இல்லாமல் திறக்கவே மறுக்கும் புரோகிராம்கள் இப்போது இருக்கின்றன. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைகளை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கற்றுக்கொள்வதற்காக, ஆசைக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். வாங்குமுன் பயாஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, விற்பவர் முன்னாலேயே பிரைம்95 அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் அதிக வோல்டேஜில் ஓடிய சிப், டிஃபால்ட்டிலேயே பிழை காட்டலாம். சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். செட்டோடு வரும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) ஓவர்கிளாக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். கெபாசிட்டர்கள் தளர்ந்த எஸ்எம்பிஎஸ் லோடில் தடுமாறும்போது, குற்றம் ப்ராசசர் மேல் விழும்.