அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான ஏஞ்சலா டேவிஸ் போராளி மட்டும்தானே? அவரை அறிஞர் என்று சொல்வது சரியா?

உங்களிடம் யாரோ ஓர் ஆசிரியர் இப்படிக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். என்னிடமும் கேட்டார்கள்.

முதுகலை வரலாறு படித்தபோது வகுப்புக் கருத்தரங்குக்கு அவருடைய 1981-ஆம் ஆண்டு நூலை எடுத்திருந்தேன்: 'பெண்கள், இனம், வர்க்கம்'. துறைத்தலைவர் பார்த்ததுமே, "எஃப்.பி.ஐ. தேடின ஆள்தானேம்மா? ஆய்வாளர் யாருமே கிடைக்கலையா?" என்றார். வகுப்பே சிரித்தது. நான் தலைப்பை மாற்றவில்லை.

அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தேடியது உண்மைதான். 1970 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டி நீதிமன்றத்தில் ஆட்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தபோது நீதிபதி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். துப்பாக்கிகள் டேவிஸ் பெயரில் வாங்கியவை. தலைமறைவானார், அக்டோபரில் பிடிபட்டார், ஏறத்தாழ 16 மாதம் சிறை. 1972 ஜூன் 4 அன்று, முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. இந்தக் கடைசி வரியை மட்டும் விழுங்கிவிட்டுப் பேசுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கருத்தரங்கில் நான் பேசியது வேறு. சிறையில் இருந்தபடியே அவர் எழுதிய கட்டுரை 1971-ல் 'த பிளாக் ஸ்காலர்' இதழில் வந்தது. அந்தச் சிந்தனை விரிந்துதான் நூலின் முதல் அத்தியாயம் ஆனது. கறுப்பினக் குடும்பங்களில் பெண் கை ஓங்கியிருப்பதுதான் சிக்கல், அதன் வேர் அடிமைமுறையில் இருக்கிறது என்று 1965-ல் மொய்னிகன் என்ற அதிகாரி எழுதிய அமெரிக்க அரசு அறிக்கை சொல்லியிருந்தது. டேவிஸ் அதை மறுக்கிறார். அடிமைப் பெண் ஆண்களோடு சேர்ந்து வயலில் உழைத்தாள். சவுக்கடியில் அவளுக்குச் சலுகை கிடையாது, அதற்குமேல் எஜமானின் பாலியல் வன்முறை வேறு. இருட்டிய பிறகு குடிசையில் தன் ஆட்களுக்காக அவள் ஆக்கிப்போட்டதும் கவனித்துக்கொண்டதும் மட்டும்தான் எஜமான் நேரடியாகப் பறிக்க முடியாத உழைப்பு. எதிர்ப்பு அங்கேதான் வேர்விட்டது என்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே எங்களோடு படித்த ஓர் அக்கா, அந்தப் பகுதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது. அதனால் ஒன்றுமில்லை.

உடனே எனக்குக் கட்சி முத்திரை குத்த வேண்டாம். அவர் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக 1980, 1984-ல் நின்றவர். அந்த அரசியலை ஏற்காதவர்கள் ஏற்க வேண்டாம். சிறைகளே வேண்டாம் என்று எழுதியவர் சோவியத் சிறைகளைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்ற விமர்சனம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் மார்க்யூஸ், ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் அடோர்னோ என்ற பெரிய தத்துவ அறிஞர்களிடம் தத்துவம் படித்தவரை அறிஞர் இல்லை என்றால் வேறு யாரைச் சொல்வது?

1969-ல் கட்சி உறுப்பினர் என்பதற்காக லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழக வேலையிலிருந்து அவரை நீக்கினார்கள். ஆளுநர் ரீகன் அதில் முனைப்பாக இருந்தார். அது செல்லாது என்றது நீதிமன்றம். மறுவருடம் டேவிஸின் மேடைப்பேச்சுகளைக் காட்டி மறுபடி வெளியே அனுப்பினார்கள். அவருக்காவது காரணம் சொன்னார்கள். நான் கௌரவ விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் மே மாதம் சம்பளம் கிடையாது, ஜூனில் வேலை உண்டா என்று கேட்டால் பதிலும் கிடையாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, நூலைப் படிப்பதாக இருந்தால் முதல் அத்தியாயம், அப்புறம் கட்டாயக் கருத்தடை பற்றிய பன்னிரண்டாவது, வீட்டுவேலை பற்றிய கடைசி அத்தியாயம். இந்த மூன்றையும் படித்துவிட்டு உங்கள் ஆசிரியரிடம் போங்கள்.