கொட்டிலுக்கு மாற்று, மானியத்துக்குத் திருத்தம்: கேள்வி பதில்

கே: கொட்டிலில் கட்டி அடர்தீவனம் போட்டு வளர்க்கும் 20 மாடுகளைச் சுழற்சி மேய்ச்சலுக்கு மாற்ற எவ்வளவு நிலம் வேண்டும் சார்?

ப: முதலில் புல்லை அளந்துவிடுங்கள், நிலத்தின் அளவு தானாக வந்துவிடும். ஒரு சதுர மீட்டர் சட்டத்தைப் புல்மேல் வைத்து, தரையிலிருந்து 7-8 செ.மீ. விட்டு மேலே உள்ளதை அறுங்கள். எடை மேற்கொண்டு குறையாத அளவுக்கு உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். ஐந்தாறு இடங்களில் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. செழிப்பான இடத்தில் மட்டும் அறுத்தால் கணக்கு ஏமாற்றிவிடும். 120 கிராம் வந்தால் ஹெக்டேருக்கு 1,200 கிலோ உலர்பொருள் (ஈரம் நீங்கிய தீவனம்).

500 கிலோ மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம், அதாவது 15 கிலோ உலர்பொருள் தின்னும். 20 மாட்டுக்கு 300 கிலோ. கால் ஹெக்டேர் ஒரு நாளைக்குப் போதும். 28 நாளில் முதல் இடத்துக்குத் திரும்பும் சுற்றென்றால், நாளுக்கு ஒன்றாக வேலியிட்டுப் பிரித்த 28 மேய்ச்சல் துண்டுகள் (பட்டிகள்), 7 ஹெக்டேர். இது புல் வேகமாக வளரும் பருவத்துக் கணக்கு. வளர்ச்சி மந்தமானால் அதே புல்லுக்கு 45 முதல் 60 நாள் ஓய்வு தேவைப்படும். அந்த மாதங்களுக்குச் சேமித்த தீவனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டைக் குறைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் சுற்றை மட்டும் வேகப்படுத்துகிறவர்களின் நிலம்தான் கட்டாந்தரையாகிறது.

கே: அப்படிப் பட்டி பிரித்தும் பலருக்குக் கைகொடுக்கவில்லையே, ஏன்?

ப: பெரும்பாலும் மூன்று இடங்களில் சறுக்குகிறது. மேய்ந்து முடித்த பட்டியைப் பின்வேலி போட்டு அடைக்காமல் விடுவது முதலாவது. மூன்று நான்கு நாளில் வரும் துளிரை மாடு திரும்பிப் போய்க் கடித்துவிடும், வேரில் இருப்பு தீர்ந்துவிடும். இரண்டாவது, குதிரைமசால், குளோவர் போன்ற பயறுவகைத் தீவனச் செடிகள் மிகுந்த பட்டியில் பசியோடு விடுவது. வயிறு உப்பி ஒரே நாளில் மாடு சாகலாம். முதலில் உலர்ந்த வைக்கோல் கொடுத்து, பனி ஈரம் காய்ந்த பிறகு விடுங்கள். மூன்றாவது மின்வேலி. கடைசிக் கம்பத்தில் 4,000 வோல்ட் இல்லையென்றால் வேலிக்கு மின்சாரம் தரும் கருவியைத் திட்டாதீர்கள். தரையில் அடித்த எர்த் கம்பிகள் போதாமலிருக்கும், அல்லது கம்பியில் களை படர்ந்திருக்கும்.

கே: முட்டைக்கோழியைக் கூண்டிலிருந்து எடுத்து அடுக்குப் பரண் கொட்டகையில் விடலாமா?

ப: விடலாம். ஆனால் கூண்டில் வளர்ந்த இளங்கோழியை 16 வாரத்தில் கொண்டுவந்து விடாதீர்கள். அதற்குத் தாவத் தெரியாது. தண்ணீரும் தீவனமும் மேல் தட்டில் இருக்க, கீழேயே கிடந்து வாடும். குஞ்சிலிருந்தே பரணில் வளர்ந்ததுதான் சரிப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவுகளை அடிப்படையாக வைக்கலாம்: பயன்படும் பரப்பில் சதுர மீட்டருக்கு 9 கோழி, கோழிக்கு 15 செ.மீ. உட்காரும் கழி, 7 கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி. அங்கே கழியோ முட்டைப் பெட்டியோ இல்லாத வெற்றுக் கூண்டுகளுக்கு 2012-லிருந்து தடை.

முட்டையிடத் தொடங்கும் வாரங்களில் கொட்டகையைப் பலமுறை சுற்றிவந்து தரை முட்டைகளைப் பொறுக்குங்கள். ஒன்று கிடந்தால் பக்கத்தில் இன்னொரு கோழி வந்து இடும். தரையில் பரப்பிய கூளத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள், உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஈரக் கூளமும் திடீர்த் தீவன மாற்றமும் இறகு கொத்தலை, அதாவது ஒன்றன் இறகை இன்னொன்று கொத்திப் பிடுங்கும் பழக்கத்தை, கிளப்பும். விளக்கை மங்கலாக்குவது தற்காலிகத் தீர்வுதான்.

கே: மேய்ச்சல் மாடென்றால் பருவநிலைக்கு நல்லதுதானே?

ப: இல்லை. மெதுவாக எடை ஏறுவதால் ஒரு கிலோ இறைச்சிக்கு, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கொட்டில் மாட்டைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். மொத்த எண்ணிக்கை குறையாமல் முறையை மட்டும் மாற்றினால் நிலம்தான் இன்னும் அதிகம் தேவைப்படும்.

கே: விவசாய மானியத்தில் உண்மையான சிக்கல் எது? தொகையா, கொடுக்கும் விதமா?

ப: விதம். ஐ.நா.வின் மூன்று அமைப்புகள் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் விவசாய உற்பத்தியாளருக்கு ஆண்டுக்குச் சுமார் 54,000 கோடி டாலர் ஆதரவு போகிறது. அதில் 87 சதவீதம் விலையைத் திரிப்பதாகவோ சூழலுக்கும் சமூகத்துக்கும் கேடு செய்வதாகவோ இருக்கிறது. மொத்த ஆதரவில் பாதிக்கு மேல் இறக்குமதி வரி போன்ற விலை ஏற்பாடுகள்; கஜானாவிலிருந்து போகும் காசாக மொத்தத்தையும் நினைத்து வாதாடுகிறவர்கள் இங்கே இடறுவார்கள்.

தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தலை பெருகும். ஐரோப்பாவின் மலைச்சரிவுகளில் ஆடுகள் மிதமிஞ்சி மேய்ந்தது இப்படித்தான். அதனால் 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் பணத்தை உற்பத்தியிலிருந்து பெருமளவு பிரித்து நிலத்தோடு கட்டியது. நிலம் அதிகம் வைத்திருப்பவருக்கே அதிகம் போனது, குத்தகையும் ஏறியது.

கே: ஒரேயடியாக நிறுத்திவிட்டால்?

ப: நியூசிலாந்து 1984-ல் ஏறத்தாழ அதைத்தான் செய்தது. பண்ணைகள் கூட்டம்கூட்டமாக மூழ்கும் என்று பயந்தார்கள். கட்டாய விற்பனைக்குப் போனவை சுமார் 1 சதவீதம். 7 கோடியாக இருந்த செம்மறிகள் இன்று பாதிக்கும் கீழே. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். பால் விலை லாபம் தந்ததும் ஆட்டு நிலம் மாட்டுப் பண்ணையானது, ஆறுகளிலும் நிலத்தடி நீரிலும் நைட்ரேட் ஏறியது. மானியம் போனால் நெருக்கமான வளர்ப்பும் போய்விடும் என்பது கனவு. மாசுக்கு விலையோ வரம்போ கூடவே வர வேண்டும். டென்மார்க் 2030 முதல் கால்நடை உமிழ்வுக்கு, கார்பன் டை ஆக்சைடு அளவில் கணக்கிட்டு, டன்னுக்கு 300 குரோனர் வரி என்று 2024-ல் ஒப்பந்தம் செய்தது. 60 சதவீதக் கழிவு போக 120 நிற்கும்.

கே: பொதுநன்மைக்கு மட்டும் பணம் என்கிற முறை?

ப: கொள்கை சரி. நடத்துவதில்தான் கோளாறு. இங்கிலாந்து பழைய நிலமானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, மண்ணுக்கும் வேலியோரத் தாவரங்களுக்கும் பணம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் நிதி முடிந்துவிட்டது என்று புதிய விண்ணப்பங்களைத் திடீரென நிறுத்திவிட்டார்கள். மாட்டை விற்றுவிட்டுப் பயறுக்கு மாறப்போகிறவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு உறுதி எழுத்தில் வேண்டும். பட்டாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வயலில் அடுத்தடுத்து விதைத்தால் வேரழுகல் பிடிக்கும், அந்தப் பூஞ்சை போன்ற கிருமி மண்ணில் பல ஆண்டு தங்கும். ஐந்தாறு ஆண்டு இடைவெளி விட்டுத்தான் திரும்ப வர முடியும். ஒரு சுழற்சியே அவ்வளவு நீளமென்றால் ஓராண்டுத் திட்டத்தை நம்பி யார் இறங்குவார்? பணத்தில் ஒரு பங்கை விதைக்குக் கொடுக்காமல், தோல் நீக்கித் தரம் பிரிக்கும் ஆலைக்குக் கொடுங்கள். அது அருகில் இல்லாததால்தான் விளைந்த பயறு மறுபடி மாட்டுத் தீவனமாகப் போகிறது.