வெளிநாட்டு ரெக்கார்டும் நம்மூர் ரெக்கார்டும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஒரே ஆல்பம் வெளிநாட்டில் ஒரு மாதிரியும் உள்நாட்டில் வேறு மாதிரியும் வருவது ஏன் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரைக்கும் கேள்விகள் வந்துவிட்டன. ஆச்சரியமில்லை. நம் மாவட்டத்தில் கப்பலிலோ கல்ஃபிலோ ஒருவராவது வேலை பார்க்காத குடும்பம் குறைவு. அவர்கள் பெட்டியில் வந்த ரெக்கார்டும் கேசட்டும் இன்னும் பரணில் கிடக்கின்றன.

அண்ணாச்சி, மாமா கப்பலில் இருந்தபோது அமெரிக்காவில் வாங்கிய பீட்டில்ஸ் ‘ரப்பர் சோல்’ எல்பி எங்கள் வீட்டில் இருக்கிறது. நெட்டில் பார்த்தால் 14 பாட்டு என்கிறார்கள். இதில் 12தான். டூப்ளிகேட்டா? (திங்கள்சந்தை)

டூப்ளிகேட் இல்லை, தம்பி. பீட்டில்ஸ் இங்கிலாந்துப் பாட்டுக் குழு. அவர்களின் அமெரிக்க எல்பியே, அதாவது முழு ஆல்பம் அடங்கிய பெரிய ரெக்கார்டே, அப்படித்தான். இங்கிலாந்தில் 1965 டிசம்பரில் பார்லஃபோன் கம்பெனி வெளியிட்டதில் 14 பாட்டு. அதே மாதம் அமெரிக்காவில் கேபிடல் கம்பெனி அதில் நாலைத் தூக்கிவிட்டு, முந்தைய ‘ஹெல்ப்!’ ஆல்பத்தின் இங்கிலாந்துப் பதிப்பில் இருந்த இரண்டைச் சேர்த்து 12 ஆக்கியது. முதல் பாட்டே மாறிப்போனது. இங்கிலாந்தில் ‘டிரைவ் மை கார்’, அமெரிக்காவில் ‘ஐ’வ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்’.

காரணம் காசுதான். அமெரிக்காவில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக ராயல்டி எண்ணிக் கொடுக்க வேண்டும். பாட்டு குறைந்தால் செலவும் குறையும். மிச்சம் வைத்ததைச் சேர்த்து இன்னொரு ஆல்பமும் போடலாம். தூக்கிய அந்த நாலு பாட்டும் 1966 ஜூனில் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ என்ற ஆல்பத்தில் வந்தன. இங்கிலாந்தில் அப்படி ஓர் ஆல்பமே கிடையாது. இன்னொன்று, இங்கிலாந்தில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுச் சின்ன ரெக்கார்டாக, விற்ற பாட்டைப் பெரும்பாலும் எல்பியில் சேர்க்க மாட்டார்கள். ஒரே பாட்டுக்கு ரசிகன் இரண்டு தடவை காசு கொடுக்கக் கூடாது என்ற எண்ணம். அமெரிக்காவில் நேர்மாறு, ஹிட்டான சிங்கிள் இருந்தால்தான் எல்பி விற்கும் என்று நினைத்தார்கள்.

உங்கள் மாமாவின் ரெக்கார்டு ஸ்டீரியோவாக இருந்தால் ‘ஐ’ம் லுக்கிங் த்ரூ யூ’ பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். கிட்டார் ஆரம்பித்து நிற்கும், மறுபடி ஆரம்பித்து நிற்கும், அப்புறம்தான் பாட்டு ஓடும். அது கீறலோ ஊசிக் கோளாறோ இல்லை. இங்கிலாந்தில் வெட்டி எடுத்துவிட்ட தவறான தொடக்கங்கள் அமெரிக்க ஸ்டீரியோ பதிப்பில் அப்படியே தங்கிவிட்டன. அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸின் பிரையன் வில்சனை ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம் செய்யத் தூண்டியதும் இந்த 12 பாட்டு ரெக்கார்டுதான். கம்பெனி லாபத்துக்காக வெட்டி ஒட்டியது அங்கே போய் ஒரு பெரிய ஆல்பத்துக்கு விதையானது. அதனால் குறைந்த ரெக்கார்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பத்திரமாக வையுங்கள்.

இந்த வெட்டல் எப்போது நின்றது? (தக்கலை)

பீட்டில்ஸைப் பொறுத்தவரை 1967இல், ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தோடு. பாட்டுப் பட்டியல் இரண்டு நாட்டிலும் ஒன்றாக வந்தது அதில்தான். அப்போதும் இங்கிலாந்து ரெக்கார்டின் கடைசி வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் குரல் துணுக்கு அமெரிக்க ரெக்கார்டில் இல்லை. 1987இல் சிடி வந்தபோது இங்கிலாந்துப் பட்டியலையே உலகம் முழுக்க வைத்துக்கொண்டார்கள். ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ மட்டும் விதிவிலக்கு, அதற்கு அமெரிக்க எல்பிதான் நிலைத்தது. மற்றவர்களுக்கும் இது நடந்தது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முதல் ஆல்பம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ‘பர்ப்பிள் ஹேஸ்’ அமெரிக்கப் பதிப்பில் உண்டு, முதலில் வந்த இங்கிலாந்துப் பதிப்பில் கிடையாது.

ஜப்பான் சிடி என்றால் விலை ஏன் அப்படி? ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை வேறு இருக்கிறது. (குழித்துறை)

அந்தப் பட்டைக்குப் பெயர் ஓபி. விலை, பெயர் எல்லாம் ஜப்பானிய மொழியில் அதில் இருக்கும். ஜப்பானில் சிடியைக் கம்பெனி சொன்ன விலைக்குத்தான் கடைக்காரர் விற்க முடியும், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. அதனால் உள்ளூர்ச் சிடியைவிட அமெரிக்காவில் இருந்து இறக்கிய அதே ஆல்பம் மலிவாகக் கிடைத்தது. உள்ளூர்க்காரன் உள்ளூர்ச் சிடியை வாங்க ஏதாவது ஆசை காட்ட வேண்டுமே. அதற்குத்தான் கூடுதலாக ஒன்றிரண்டு பாட்டு, பாட்டு வரிகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும் அடங்கிய புத்தகம். ஓபி கிழிந்திருந்தால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சவுதியில் இருந்து அப்பா கொண்டுவந்த ஆங்கிலக் கேசட்டில் பாடகியின் கையும் காலும் கறுப்பு மையால் பூசியிருக்கிறது. யாரோ விளையாட்டாகச் செய்ததா? (குளச்சல்)

விளையாட்டில்லை, தங்கச்சி. அங்கே அப்போது தணிக்கையில் அட்டைப்படத்தில் மை பூசுவது வழக்கமாக இருந்தது. கைகால் தெரிந்தால் மார்க்கரால் மறைத்துவிட்டார்கள். உள்ளே பாட்டு என்னவோ அதேதான். ஒரு காலத்தில் கல்ஃபில் விற்றதில் அனுமதியில்லாத நகல்களும் நிறைய. ஐக்கிய அரபு அமீரகத்தில் பதிப்புரிமைச் சட்டமே 1992இல்தான் வந்தது. நகல் போட்டவர்கள் 90 நிமிட டேப்பில் மிச்சமிருக்கும் இடத்தில் வேறு ஆல்பத்துப் பாட்டைச் சொருகுவதும் உண்டு. கேசட்டில் பாட்டு கூடுதலாக இருக்கிறதே, அரிய பதிப்போ என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அரிய பதிப்பில்லை. ஆனால் அப்பா கேட்ட கேசட் இல்லையா, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தமிழ்ப் படத்தின் ரெக்கார்டில் ஒரு பாட்டு சுருக்கமாகவும் வெளிநாட்டுச் சிடியில் நீளமாகவும் இருக்கிறதே? (மார்த்தாண்டம்)

இடப் பிரச்சினை. நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்ன ரெக்கார்டான இபியில் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம்தான் நிம்மதியாகக் கொள்ளும். இரண்டு பக்கத்திலும் நாலு பாட்டு போட வேண்டுமென்றால் சரணத்தில் கைவைக்க வேண்டி வரும். சிடியில் 74 நிமிடம் கிடைக்கிறது, அதனால் இரண்டு படம்கூடச் சேர்த்துப் போட்டார்கள். ஆனால் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய பாட்டைச் சிடிக்கு மாற்றும்போது எதிரொலி சேர்த்துக் கெடுத்தவர்கள் உண்டு. கேபிடல் கம்பெனியும் பீட்டில்ஸ் பாட்டில் அறுபதுகளிலேயே இதைச் செய்தது.

கல்கத்தா டம்டம் ரெக்கார்டு மட்டம், இங்கிலாந்து ரெக்கார்டுதான் ஒசத்தி என்று ஒரு வியாபாரி சொன்னார். உண்மையா? (வடசேரி)

இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது. ரெக்கார்டு அச்சடிப்பது கல்கத்தாவில் 1908இலேயே தொடங்கிவிட்டது. டம்டமில் ரெக்கார்டு அச்சடித்த கிராமஃபோன் கம்பெனி அப்போது லண்டன் ஈஎம்ஐ என்ற ரெக்கார்டு கம்பெனியின் பிள்ளை. அங்கே வெட்டிய தகட்டின் உலோக அச்சே பல ஆல்பங்களுக்கு இங்கே வந்தது. சந்தேகமிருந்தால் ரெக்கார்டை விளக்குக்கு அடியில் சாய்த்து, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் உள்ள வெறும் வட்டத்தைப் பாருங்கள். எக்ஸ்இஎக்ஸ் (XEX) என்று தொடங்கும் எண் இருந்தால் அது ஈஎம்ஐயின் மோனோ (ஒரே ஒலி வழி) எண், ஒய்இஎக்ஸ் (YEX) என்றால் ஸ்டீரியோ. அதே எண் இங்கிலாந்து ரெக்கார்டிலும் இருக்கும். வெளிநாட்டுக்காரர்களே இந்திய பீட்டில்ஸ் ரெக்கார்டுகளைத் தேடி வாங்குகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அட்டை மெல்லிசு, சில ரெக்கார்டுகளில் இரைச்சல் உண்டு. ஆனால் பாதி இரைச்சல் நம் கடற்கரை ஈரத்தில் பிடித்த பூஞ்சை. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் வட்டத்தின் போக்கிலேயே துடையுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் வடிநீரால் ஒரு தடவை. நிழலில் காயட்டும், அப்புறம் கேட்டுப் பாருங்கள்.

போனில் சில பாட்டு ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று வருகிறதே? (அருமனை)

உரிமை நாட்டுக்கு நாடு வேறு கம்பெனியிடம் இருப்பதால்தான். வெளியீட்டு நாள் மட்டும் ஓரளவு ஒன்றாகிவிட்டது. முன்பு இங்கிலாந்தில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்றிருந்தது, 2015 ஜூலை 10 முதல் பல நாடுகளில் வெள்ளிக்கிழமை ஆனது.

எந்த நாட்டு ரெக்கார்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது? (இரணியல்)

அட்டையை நம்பாதீர்கள், அட்டை மாறிப்போயிருக்கலாம். லேபிளின் ஓரத்தில் எங்கே தயாரித்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் வெறும் வட்டத்தில் உள்ள எண்ணையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.